கலங்கல் மேல் மணல் மூட்டை

எங்கள் ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் "பல்லவர் காலத்து ஏரி" என்று கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அது பொய். அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்தப் பொய் பிறந்தபோது நான் பக்கத்திலேயே வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பூங்கா வேலை முழுசாக முடியவில்லை. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று, ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று கரையைச் சமப்படுத்தி, நடைபாதை போட்டு, ஊஞ்சல் கட்டி, சிமெண்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கியும் செய்து வைத்திருந்தது. எங்கள் ஏரிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கல்வெட்டில் ஏரியின் வரலாறு என்று நாலு வரி போட வேண்டும், யாருக்கும் வரலாறு தெரியவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு அதிகாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுப் படகுகளைத் துடைத்துக்கொண்டிருந்த போட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ஏரி ரொம்பப் பழசோ?"

"ஆமாங்க சார்."

"காஞ்சிபுரம் பக்கம்தானே, பல்லவர் காலமா இருக்குமோ?"

"ஆமாங்க சார். பல்லவருதான்."

அவர் சந்தோஷமாக போனில் தட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் ஒரு இன்ஜினீயர் வந்தார். மதகுக் கல்லைத் தட்டிப் பார்த்து, "இது வெள்ளைக்காரன் கட்டின மாதிரி இல்ல இருக்கு" என்றார். "ஆமாங்க, வெள்ளக்காரன் கட்னதுதான்" என்றார் நம்ம ஆள். முதலில் வந்தவர் முந்திக்கொண்டதால் பல்லவர் ஜெயித்தார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னாண்ணா, பல்லவரு உங்க மாமன் வூட்டுப் பக்கமா?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கம்மா தெரியும்? அந்த சாரு ஆசையா கேட்டாரு. இல்ல, தெரியாதுன்னா மூஞ்சி சுருங்கிப் பூடும். அத்த வேற பாக்கணும்."

அவ்வளவுதான் அந்த மனுஷன். எதிரில் நிற்பவர் முகம் சுருங்கக் கூடாது. அவருடைய சாமி, அவருடைய வியாதி எல்லாம் அதுதான்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால், "அதுக்கின்னா, எழுதிட்டா போச்சு" என்பார். அப்படிச் சொல்வார் என்பதால்தான் எழுதவில்லை. போட்டு, அதாவது படகு, விடுகிறவர் என்பதால் ஊரே அவரைப் போட்டு அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. ஆள் உயரம், வற்றல் உடம்பு. எந்நேரமும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. டீக்கடைக்கும் அதே சட்டை, அம்மன் கோயில் கூழுக்கும் அதே சட்டை. ஒருமுறை கல்யாண வரிசையில் அதோடு வந்து நின்று மொய் எழுதியதை நானே பார்த்தேன். கழட்டிட்டு வரக் கூடாதா என்று கேட்டதற்கு, "கழட்டுனா யாராவது போட்டு வுடச் சொல்லி வந்துட்டாங்கன்னா?" என்றார். கல்யாண மண்டபத்தில் யார் போட்டு விடச் சொல்வார்கள், சொல்லுங்கள்.

படகுகளைக் காண்ட்ராக்ட் எடுத்தவர் வெளியூர்க்காரர். வெள்ளை நிறக் காரில் வாரம் ஒருமுறை வருவார், மீதி நாளெல்லாம் போனில்தான் வேலை வாங்குவார். போன் வந்தால் போட்டு அண்ணன் எழுந்து நின்று பேசுவார். இன்னொரு பக்கம் எங்கள் ஊர் ஆட்கள், படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் குடும்பங்கள், ஹாஸ்டல் பையன்கள், பூங்காவில் தூங்க இடம் கேட்கும் லாரி டிரைவர்கள். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "அதுக்கின்னா, செஞ்சிட்டா போச்சு."

அவர் சம்சாரம் என் கடையில்தான் வந்து புலம்பும். "ஊருக்கெல்லாம் ஆமாஞ்சாமி, எனக்கு மட்டும் ஆளு சிக்கறதில்ல. கேஸ் சிலிண்டர் மாட்டித் தாய்யான்னு காத்தாலேருந்து சொல்லிக்கினு கீறேன். சரின்னாரு. போயே போய்ட்டாரு." அந்த அம்மாவிடமும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். எல்லாரிடமும் சரி சொன்னவருக்கு எதை முதலில் செய்வது என்பதுதான் பிரச்சினை. கடைசியாக யார் முகத்தைப் பார்த்தாரோ அவர் வேலை நடக்கும்.

போட்டோ ஜோடிகள் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையும் பொண்ணும் ஏரியில் மிதப்பதுபோல் படம் எடுக்கிறார்களே, அதற்கு எங்கள் பூங்கா பேர்போனது. அன்னப் படகு ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு சனிக்கிழமை சாயங்கால வெயிலுக்கு இரண்டு ஜோடிகள் வந்து இறங்கின. இரண்டு பேருக்கும் அன்னத்தைத் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். மறைமலை நகர் மாப்பிள்ளை கையை ஓங்கிவிட்டான். இன்னொரு ஜோடியின் பெண் மேக்கப் கலைய அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கடைசியில் ஒரு ஜோடியைப் படகில் ஏற்றி, இன்னொரு ஜோடியைக் கரையில் நிற்க வைத்து, இவர்கள் படத்தில் அவர்களும் அவர்கள் படத்தில் இவர்களுமாக முடிந்தது. போகும்போது இரண்டு மாப்பிள்ளைகளும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். எங்களுக்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் அவரை ஊர் இன்னும் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சிரிப்பு வராத நாட்களும் உண்டு. எங்கள் தெருவில் மாடியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்ப்பவர்கள், ஒரு விடுமுறையில் வந்தார்கள். "அண்ணாச்சி, ஒரு முங்கு முங்கிட்டு வாறோம். ஊர்ல ஆத்துல குளிச்சு எவ்வளவு நாளாச்சு!" என்றார்கள். குளிக்கத் தடை என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது. ரோடு வேலைக்கு மண் எடுத்த பள்ளங்கள் ஏரிக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. இவர் "அதுக்கின்னா, குளிச்சிட்டா போச்சு" என்றார். சொல்லிவிட்டு, அவர்கள் கரையேறும் வரை இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கறுத்து உடம்பெல்லாம் நடுங்கியது. நான் கரையிலிருந்து கத்தினேன்.

"ஏண்ணா, வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அவிஞ்சா பூடும்?"

"பாவம்மா. தூரத்துலேந்து வந்து பொழைக்கிற புள்ளைங்கோ."

பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு, இந்த மனுஷன் ஒருநாள் யாரையாவது காவு கொடுத்துவிடுவார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டுக்காரர், "உன் வாயக் கழுவு" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபமே வராமல் இருந்ததற்குக் காரணம் என் மாமனார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்து, கட்டிலோடு கிடந்தார். நிலமெல்லாம் கம்பெனிக்குப் போவதற்கு முன், அவரும் போட்டு அண்ணனும் ஏரிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். என் வீட்டுக்காரர் ஷிப்ட், ஓ.டி. என்று ஓடுகிறவர். முகம் மழித்துவிட யாரும் இல்லாமல் மாமனார் தாடியோடு கிடப்பதைப் பார்த்து ஒருநாள் போட்டு அண்ணனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவ்வளவுதான், அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். வெந்நீர் கேட்பார், மாமனாரின் தலையை மடியில் சாய்த்துக்கொள்வார், கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துப் பொறுமையாக மழிப்பார். மாமனாருக்குப் பேச்சு குழறும். என்ன குழறினாலும் இவர் "ஆமாண்ணா, ஆமாண்ணா" என்பார். என்னவென்று புரிந்துதான் சொன்னாரா, தெரியாது. மாமனாரின் ஒரு பக்க வாய் மட்டும் சிரிக்கும். எங்கள் வீட்டில் அவர் சிரித்தது அந்த அரைமணி நேரம்தான். அதற்காக நான் அந்த மனுஷனுக்கு எத்தனை தட்டு பஜ்ஜி கொடுத்தாலும் தகும்.

இனி மூட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஒரு ஓரத்தில் தாழ்வாகக் கற்கட்டு ஒன்று இருக்கும். அதற்குக் கலங்கல் என்று பெயர். கலங்கல் போகிறது என்றால் எங்கள் ஊரில் திருவிழாதான். மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம், ஆண்கள் வேட்டியையும் கொசுவலையையும் பிடித்துக்கொண்டு வழிகிற தண்ணீரில் மீன் அள்ளுவார்கள். அந்தத் தண்ணீர் ஒரு கால்வாயில் இறங்கி, வளைந்து, எங்கள் தெரு ஓரமாகப் போகும். நாங்கள் மனை வாங்கும்போது அது கால்வாய் என்று எவனும் சொல்லவில்லை. சைட் காட்ட வந்தவன், "தோட்டம் போட்டுக்கலாம் சிஸ்டர்" என்றான்.

பூங்காவைக் கட்டியது ஏரியின் மேட்டுப் பக்கம். ரோட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அங்கே கட்டிவிட்டார்கள். ஏரி நிரம்பினாலும் படகுத் துறையில் தண்ணீர் குறைவுதான். மழை நின்று கொஞ்ச நாளானால் அன்னப் படகின் அடி சேற்றில் உரசும். காணும் பொங்கலன்று பூங்காவில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டுச்சோறும் கரும்புமாக எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். அன்றைக்குப் படகு ஓடாவிட்டால் காண்ட்ராக்டருக்கு வருஷமே போச்சு. அதனால் ஐப்பசி மழை ஆரம்பித்ததும், கலங்கல் மேல் வரிசையாக மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் பொங்கல் வரை தாங்குமாம்.

போன் வந்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். போட்டு அண்ணன் எழுந்து நின்றுகொண்டு, "சரிங்க சார். அதுக்கின்னா சார், அடுக்கிட்டா போச்சு" என்றார். மறுநாள் ஆள் வைத்து அடுக்கியும்விட்டார்.

முதல் மழைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏரி ததும்பி நின்றது. பார்க்க அழகாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கூட்டம் வந்தது, எனக்கும் வியாபாரம் நடந்தது. கார்த்திகையில் புயல் உருவாகிறது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்ததும்தான் தெருவில் பேச்சு எழுந்தது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்துவிட்ட வருஷம் கீழே இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஜனம் நாங்கள். எதிர்வீட்டு டெய்லர் அக்காதான் முதலில் கிளம்பியது. தெரு ஆண்கள் நாலைந்து பேர் கடப்பாரை, மண்வெட்டியோடு நின்றார்கள். எல்லாருமாகப் பூங்காவுக்குப் போனோம்.

"ண்ணா, மூட்டைய எடுத்துடு. தண்ணி மெள்ள மெள்ள வழிஞ்சுக்கினே இருந்தா பயமில்ல. மொத்தமா வந்தா எங்க கதி இன்னா? எங்க மாமனாரு எழுந்து ஓடுவாரா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணே கலங்கிவிட்டது. "அய்யய்யோ, அண்ணன் கீறாருல்ல வூட்ல! அதுக்கின்னாம்மா, எடுத்துட்டா போச்சு. நாளைக்கே எடுத்துடறேன்."

"நாங்களே எடுத்துடறோம், நீ தள்ளு" என்றார் தெருக்காரர் ஒருவர்.

"நீங்க ஏம்ப்பா சேத்துல எறங்கினு? நான் ஆளு வச்சிக்கினு கீறேன். காத்தால மொத வேல அதான்."

டெய்லர் அக்கா என் காதில், "அவரே எடுத்துடறேன்றாரு. நாம தொட்டா காண்ட்ராக்டரோட தகராறு. போலாம் வா" என்றது. எல்லாருக்கும் அதுதான் சரியென்று பட்டது. சண்டையில்லாமல் முடிந்ததே என்று திரும்பினோம். அத்தனை நல்ல மனுஷன், கண்ணில் தண்ணீரோடு சொல்கிறார், எப்படி நம்பாமல் இருப்பது?

மறுநாள் எடுக்கவில்லை. கேட்டதற்கு, ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள், படகு ஓட வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொன்னாராம். "ஞாயித்துக்கெழம கழிஞ்சதும் எடுத்துடறேம்மா. சத்தியமா." அந்த ஞாயிறும் வந்து மாமனாருக்கு முகம் மழித்தார். "ண்ணா, மூட்டைய நாளைக்கு எடுத்துடறேன், கவலப்படாத" என்று அவரிடமும் சொன்னார். மாமனார் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து ஊற்றியது. வானம் பிய்த்துக்கொண்டது என்பார்களே, அப்படி. வீட்டுக்காரரைக் கம்பெனி பஸ் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. நான் போன் போட்டேன். "எடுத்துக்கினே கீறேம்மா, தோ, எடுத்துக்கினே கீறேன்" என்றார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் வைத்ததும் காண்ட்ராக்டர் கூப்பிட்டிருக்கிறார். பாதி மூட்டையாவது நிற்கட்டும், எல்லாத்தையும் எடுத்துவிட்டால் பொங்கலுக்கு என்ன செய்வது என்றிருக்கிறார். அவருக்கும் சரி சொல்லியிருக்கிறார். எங்களுக்கும் சரி, அவருக்கும் சரி. பாதியை எடுத்துவிட்டுப் பாதியை விட்டார்.

எடுத்த பாதி எங்கள் பக்கத்துப் பாதி. ஏரித் தண்ணீர் அத்தனையும் அந்த ஒரு பக்கமாகத் திமிறிக்கொண்டு வந்தது. மண் கரையை அரித்தது, கால்வாய் வளைவில் திரும்பாமல் நேராக எங்கள் தெருவுக்குள் இறங்கியது. அடுப்படி வாசலில் கணுக்காலளவு இருந்த தண்ணீர், நான் அரிசிப் பானையை மேலே தூக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கட்டிலைத் தொட்டுவிட்டது. மாமனார் எதையோ குழறிக் குழறிக் கத்துகிறார். நான் அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுக்கிறேன், நகர மாட்டேன் என்கிறார். அந்த உடம்பு அவ்வளவு கனமென்று எனக்கு அதுவரை தெரியாது. படுக்கை நனைந்து, அவர் முதுகு நனைந்து, ஆள் மார்பு வரை தண்ணீரில் கிடக்கிறார். நான் போட்ட கூச்சலில், ஏரியில் முங்கிய அந்த மாடிப் பையன்கள் இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள்.

"யக்கா, நீங்க நவுருங்க. நாங்க தூக்குதோம்!"

தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பகலெல்லாம் அவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமனார் நடுங்கினார். பல்லோடு பல் அடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

தண்ணீர் வடிந்தபிறகு பூங்காக் கொட்டகையில் விசாரணை வைத்தார்கள். தாலுகாவிலிருந்து ஒரு அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காண்ட்ராக்டரும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். ஊர் முழுக்க நின்றது. யார் மூட்டை அடுக்கச் சொன்னது என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்களுக்குத் தெரியாதுங்க மேடம்" என்றார் காண்ட்ராக்டர், கூசாமல். "அங்க இருக்கறவர் அவரா ஏதோ செஞ்சிருக்காரு. நான் போட்டு விடற ஆளு, கலங்கல்ல எனக்கு என்ன வேலை?"

அந்த அம்மா போட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்களா செஞ்சீங்களா?"

அவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் முகம் வேர்த்திருந்தது, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கத்தினேன்.

"ண்ணா, சொல்லு! போன்ல சொன்னத நான் காதால கேட்டேன். இல்லன்னு சொல்லு! வாயத் தொறந்து ஒரே ஒரு தடவ இல்லன்னு சொல்லுண்ணா!"

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என்னிடம் சரி சொல்கிறார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "ஆமாங்க, நான்தான் அடுக்குனேன்" என்றார். நான் கேட்டதைச் சொன்னேன். போன் பேச்சுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கொண்டபின் நீ ஏம்மா குறுக்கே வருகிறாய் என்றார்கள். அவருக்கு வேலை போனது. காண்ட்ராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. காணும் பொங்கலுக்குப் படகு ஓடியது.

மாமனாருக்கு அன்றைக்குப் பிடித்த குளிர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், பொங்கலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். பிணத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். ஆஸ்பத்திரியில் வளர்ந்த தாடி அப்படியே இருந்தது. போட்டு அண்ணன் வந்தார். முதல்முறையாக ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் பார்க்கிறேன், யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். ரேசரும் சோப்பும் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "இன்னாத்துக்கு வந்த? எங்கப்பன சாவடிச்சிட்டு மூஞ்சி மழிக்க வந்தியா? போ. உள்ள வராத. போய்டு."

ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், காண்ட்ராக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அவர், "சரிப்பா" என்றார். பொட்டலத்தோடு திரும்பி நடந்தார். மாமனார் தாடியோடுதான் எரிந்தார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச மாட்டார். பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அதற்குப்பிறகு அவரும் சம்சாரமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துப் போய் நின்றால் என்னிடமும் எதற்காவது சரி சொல்வார். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. அதே காண்ட்ராக்டர்தான், படகுக்குப் புது ஆள். தடித்த மீசை, தொங்கும் சாவிக்கொத்து, யாரோடும் பேச்சில்லை. கலங்கலைப் போய்ப் பார்த்தேன். புது மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. டெய்லர் அக்காவையும் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்த ஆளிடம் போனேன். ஆண்கள் எல்லாரும் ஷிப்டில் இருந்தார்கள்.

"மூட்டைய எடுக்கணும்" என்றேன்.

அவன் பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "முடியாது" என்றான். "எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல போய் பேசிக்கோ."

இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைதானா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவனோடு யாரும் வாய் கொடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை, நாளை வரை காத்திருக்கவும் இல்லை. நேராகக் கலங்கலுக்கு நடந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். அவன் கரையில் நின்று, போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினான். கூப்பிடு என்றது டெய்லர் அக்கா. ஊறிய மணல் மூட்டை சாமான்யக் கனமில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிடித்து உருட்டினால்தான் ஒன்று நகரும். ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினோம். மத்தியானத்துக்குள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு மூட்டை இல்லை. தண்ணீர் கற்கட்டு முழுக்கப் பரவி, மெல்லிசாக, சத்தமில்லாமல் வழிய ஆரம்பித்தது.

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டெய்லர் அக்கா பயந்துபோய் என் தோளைப் பிடித்தது. "இன்னாடி? அதான் எடுத்துட்டோமே, அப்பறம் இன்னா?"

"போன வருசமும் கடப்பாரையோட வந்து நின்னோமேக்கா! அந்த மனுசன் மட்டும் இவன மாதிரி முடியாதுன்னு சொல்லித் தொலஞ்சிருந்தா, அன்னிக்கே நாமளே எடுத்திருப்போமேக்கா!"

டெய்லர் அக்கா என் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டது.